கையில் ஊசி இல்லாமல் வந்த குழு: கினியின் எபோலா வளைய ஆய்வு, 2015

ஒருவருக்கு எபோலா என்று ஆய்வகம் உறுதி செய்கிறது. ஆள் அதற்குள் சிகிச்சை மையத்திற்குப் போயிருப்பார், இல்லையென்றால் இறந்திருப்பார். அவருடைய ஊருக்கு ஒரு குழு வருகிறது. முதலில் அவர்கள் கையில் இருப்பது ஊசி அல்ல, காகிதம்தான். காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அவர் எந்த வீட்டில் படுத்திருந்தார்? தண்ணீர் கொடுத்தது யார்? வாந்தி பட்ட துணியைத் துவைத்தது யார்? யாரெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்? இறந்திருந்தால், உடலைக் குளிப்பாட்டியது யார்? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பெயர், ஒரு வயது, ஒரு வீடு. அப்புறம் அந்தப் பெயர்களிலிருந்து இன்னொரு சுற்று தொடங்கும். உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யார், வேறு ஊரில் இருக்கும் உறவினர் யாராவது இந்தப் பக்கம் வந்தார்களா? இப்படிச் சேரும் பெயர்கள் சராசரியாக நூறு. அந்த நூறு பேர் சேர்ந்தால் ஒரு ‘வளையம்’.

2015 மார்ச் 23 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் இப்படி ஒரு வளையத்துக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஆய்வுக்குப் பிரெஞ்சு மொழியில் வைத்த பெயரின் பொருள் ‘எபோலா, போதும்!’. நான்கு மாதத்தில், எபோலாவுக்கு எதிராக ஒரு தடுப்பூசி மனிதரிடம் வேலை செய்கிறது என்பதற்கு முதல் களச் சான்று அங்கிருந்து வந்தது. உலகம் முழுக்க அதை ‘நூறு சதவீதப் பலன்’ என்று எழுதினார்கள். எனக்கு அந்த எண்ணைவிட அந்தக் காகிதம்தான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால், ஆறு மாதங்களுக்கு முன்பு இதே நாட்டில், எபோலா பற்றிப் பேசப் போன ஒரு குழுவை ஊரார் கொன்றிருந்தார்கள்.

மூன்று மாதம் பெயரில்லாத நோய்

தென்கிழக்குக் கினியில் காட்டுப் பகுதியில் இருக்கிறது கெக்கெடு. சியரா லியோனும் லைபீரியாவும் கைக்கெட்டும் தூரம். கிசி இனத்தவர் மூன்று நாட்டிலும் பரவி வாழ்கிறார்கள். சந்தைக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் எல்லையைத் தாண்டிப் போய்வருவது அவர்களுக்கு அன்றாடம். கெக்கெடுவை அடுத்த மெலியாண்டு என்ற சிற்றூரில், 2013 டிசம்பரில், சுமார் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று காய்ச்சலிலும் வாந்தியிலும் இறந்தது. அடுத்து அதன் அக்காவும் தாயும் பாட்டியும் இறந்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் பொந்து விழுந்த பெரிய மரம் ஒன்றில் வௌவால்கள் குடியிருந்தன, குழந்தைகள் அங்கே விளையாடுவார்கள், அங்கிருந்து தொற்றியிருக்கலாம் என்று பின்னால் போன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது ஊகம்தான். அந்த வௌவால்களில் வைரஸ் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் இந்த நோய்க்குப் பெயர் கிடைக்கவில்லை. காலராவாக இருக்கும், மலேரியாவாக இருக்கும், லாசா காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இப்படி ஒரு எபோலா பரவலை அதற்கு முன் யாரும் கண்டதில்லை என்பதால் அந்தப் பெயர் யார் வாயிலும் வரவில்லை. 2014 மார்ச்சில் மாதிரிகள் பிரான்சுக்குப் போய், லியோன் ஆய்வகத்தில் எபோலா என்று உறுதியானபோது நோய் தலைநகர் கோனாக்ரிக்கே வந்துவிட்டிருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் சர்வதேச நெருக்கடி என்று அறிவித்தது ஆகஸ்ட் 8-ஆம் தேதி. இடையில் ஓடிப்போன அந்த ஐந்து மாதங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒரு கணக்கு மட்டும் போதும். எல்லாம் ஓய்ந்தபோது மூன்று நாடுகளிலும் நோயாளிகள் 28,600-க்கு மேல், இறந்தவர்கள் 11,300-க்கு மேல். கினியில் மட்டும் 3,800 பேருக்கு வந்து, 2,500-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

வோமே

2014-இன் முதல் மாதங்களில் சுவரொட்டியும் வானொலியும் மக்களிடம் சொன்ன செய்தி இது: எபோலாவுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி இல்லை, காட்டு விலங்கு இறைச்சி சாப்பிடாதே, நோய் வந்தால் மையத்திற்கு வா. கேட்கிறவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மருந்தே இல்லாத இடத்துக்கு எதற்கு வர வேண்டும்? தலை முதல் கால் வரை மூடிய உடையில் ஆட்கள் வண்டியில் வருகிறார்கள், வீட்டில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். சில நாளில் இறந்துவிட்டார் என்று தகவல் வருகிறது. முகத்தைப் பார்க்க முடியாது, எங்கே புதைத்தார்கள் என்றுகூடச் சில குடும்பங்களுக்குத் தெரியாது. உடலுறுப்புத் திருட்டு என்று வதந்தி கிளம்பியதில் எனக்கு வியப்பே இல்லை. கிளம்பாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

காட்டுக் கினியில் இதற்குப் பழைய கணக்கும் உண்டு. 1958-இல் சுதந்திரம் பெற்ற பிறகு சேக்கு தூரே ஆட்சி, மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரில் இந்தப் பகுதி மக்களின் முகமூடிகளை எரித்தது, தோப்புச் சடங்குகளைத் தடை செய்தது. தலைநகரிலிருந்து வருகிறவர் ‘உங்கள் நன்மைக்குத்தான்’ என்று சொன்னால் பயப்பட வேண்டும் என்பது அங்கே பாட்டன் காலத்துப் பாடம்.

2014 ஆகஸ்ட் இறுதியில் என்செரெகோரே நகரச் சந்தையில் கிருமிநாசினி தெளித்தார்கள். நோயையே தெளிக்கிறார்கள் என்று செய்தி பரவிக் கலவரம் ஆனது. செப்டம்பர் 16 அன்று, அந்த நகரத்துக்கு அருகே உள்ள வோமே என்ற ஊருக்கு விழிப்புணர்வுக் குழு ஒன்று போனது. அதிகாரிகள், சுகாதார ஊழியர்கள், செய்தியாளர்கள் எல்லாரும் இருந்தார்கள். எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். உடல்கள் ஊர்ப் பள்ளியின் கழிவுக் குழியில் கிடந்தன.

இதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம், பலர் அப்படித்தான் எழுதினார்கள். இதே பகுதியில் சில மாதங்களுக்கு முன்பு நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். கருவுற்ற கிசிப் பெண் ஒருவர் இறந்துவிட்டார். கரு வயிற்றில் இருக்கும்போதே பெண்ணைப் புதைக்கக் கூடாது, புதைத்தால் ஊருக்கே கேடு என்பது அவர்கள் நம்பிக்கை. கருவை வெளியே எடுத்தால் எடுப்பவர்களுக்குத் தொற்றும். மருத்துவக் குழு ‘முடியாது’ என்றது, குடும்பம் ‘அப்படியானால் புதைக்க விடமாட்டோம்’ என்றது. உலகச் சுகாதார நிறுவனத்தோடு பணியாற்றிய மானிடவியலாளர் ஜூலியன் அனோகோ செய்தது எளிமையான காரியம். இப்படி ஒரு விதி மீறப்பட்டால் அதற்குப் பரிகாரம் என்று உங்கள் மரபில் ஏதாவது உண்டா என்று பெரியவர்களைக் கேட்டார். இருந்தது. அந்தச் சடங்கு தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்கள். செலவை நிறுவனம் ஏற்றது. சடங்கு முடிந்தது, உடலைத் திறக்காமலே அடக்கம் நடந்தது, குடும்பமும் அமைதியானது.

அந்த ஆண்டு நவம்பரில் அடக்கத்துக்கான உலகளாவிய வழிகாட்டுதல் மாறியது. ‘பாதுகாப்பான அடக்கம்’ என்பதோடு ‘கண்ணியமான’ என்ற சொல்லும் சேர்ந்தது. குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், வேண்டுதல் செய்யலாம், பாதுகாப்பு உடையில் இருப்பவர் சடங்கில் ஒரு பகுதியைச் செய்யலாம். கினியில் நோயாளிகளில் 60 சதவீதம் பேரின் தொற்று சாவுச் சடங்கோடு தொடர்புடையது என்று 2014 ஆகஸ்ட்டிலேயே கணக்குச் சொன்னார்கள். எண் தெரிந்த பிறகும் சொல் மாற மூன்று மாதம் பிடித்திருக்கிறது.

உறைபெட்டியில் ஒன்பது ஆண்டு

சரி, தடுப்பூசிக்கு வருவோம். அது 2014-இல் அவசரமாகச் செய்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை. கனடாவின் வின்னிபெக் நகரத்தில் உள்ள தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் உருவானது. கால்நடைகளுக்கு வாய்ப்புண் தரும் ஒரு வைரஸை எடுத்து, அதன் மேலுறைப் புரதத்தை நீக்கி, அந்த இடத்தில் எபோலாவின் மேலுறைப் புரதத்தை வைத்தார்கள். உடல் அதைப் பார்த்து எபோலாவுக்கு எதிராகத் தயாராகும், ஆனால் எபோலா வராது. குரங்குகளுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது என்ற கட்டுரை 2005-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு அது மனிதச் சோதனைக்குப் போகவில்லை. எபோலா வரும் நாடுகளில் வாங்குகிறவர் இல்லை, அவ்வளவுதான் காரணம். 2014 ஆகஸ்ட்டில் கனடா தன்னிடமிருந்த குப்பிகளைத் தருவதாகச் சொன்னது. இலையுதிர் காலத்தில் அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, காபோன், கென்யாவில் முதல் கட்டச் சோதனைகள் ஓடின. ஜெனீவாவில் சிலருக்கு மூட்டுவலி வந்ததால் டிசம்பரில் கொஞ்ச நாள் நிறுத்தி, மருந்தளவைக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். நவம்பரில் மெர்க் நிறுவனம் தயாரிப்பு உரிமையை வாங்கியிருந்தது.

ஊசி ஒன்று, ஒரே தடவை. வைக்க வேண்டிய குளிர் சுழியத்துக்குக் கீழே 60 முதல் 80 டிகிரி. மின்சாரமே சரியாக இல்லாத ஊர்களுக்கு இதை எடுத்துப் போக, சில நாள் வரை அந்தக் குளிரைத் தாங்கும் கனமான குடுவைகளைக் கொண்டுவந்தார்கள்.

யாருக்கு முதலில்?

2014 இறுதியில் ஜெனீவாவிலும் வாஷிங்டனிலும் நடந்த சண்டை மருந்தைப் பற்றியது அல்ல, ஆய்வின் வடிவத்தைப் பற்றியது. ஒரு பக்கம் சொன்னது: ஆட்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரியுங்கள், பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு வேறு ஊசியோ உப்புநீரோ. இல்லையென்றால் எதையும் நிரூபிக்க முடியாது. மறுபக்கம் கேட்டது: பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கும்போது உப்புநீரை ஊசியில் ஏற்றிவிட்டு வருவீர்களா?

லைபீரியாவில் முதல் வழி. மன்ரோவியாவில் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. 27,000 பேருக்கு மேல் சேர்ப்பதாகத் திட்டம். 1,500 பேர் சேர்ந்தபோதே அங்கே நோய் அடங்கிவிட்டது. பாதுகாப்பு, எதிர்ப்புச் சக்தி பற்றி நல்ல தகவல் கிடைத்தது, காக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. சியரா லியோனில் ஏப்ரலில் தொடங்கிய ஆய்வில் எண்ணாயிரத்துக்கு மேல் சுகாதார, களப் பணியாளர்கள் சேர்ந்தார்கள். அங்கேயும் அதே கதை.

கினிக் குழு பழைய ஏடு ஒன்றைப் புரட்டியது. அந்த ஏடும் மேற்கு ஆப்பிரிக்காவுடையதுதான் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1966 டிசம்பரில் கிழக்கு நைஜீரியாவின் ஒகோஜா பகுதியில் பெரியம்மை வந்தது. அங்கே இருந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபேகியிடம் ஊர் முழுக்கப் போடும் அளவு அம்மைப்பால் இல்லை. கிறித்தவ மிஷன்களின் வானொலித் தொடர்பு மூலம் எந்த ஊரில் யாருக்கு அம்மை என்று ராத்திரிக்கு ராத்திரி விசாரித்து, அந்த வீடுகளைச் சுற்றி மட்டும் போட்டார். பரவல் நின்றது. அந்த வழிதான் பிறகு இந்தியாவுக்கும் வந்தது. 1970-களில் வீடு வீடாக அம்மை நோயாளியின் படத்தைக் காட்டி ஆள் தேடிய காலம் நம் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும். 1975-இல் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது.

நோய் குறைந்துகொண்டே வரும்போது ஆய்வை ஓர் இடத்தில் நட்டு வைத்தால் நோய் அந்த இடத்துக்கு வராமலே போய்விடும். வளையம் நோய் போகும் இடமெல்லாம் போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆனா மரியா எனாவ்-ரெஸ்ட்ரெப்போ, மரி-போல் கியெனி, நார்வேயின் யோன்-அர்னே ரோட்டிங்கன் ஆகியோரோடு, கினியின் எபோலா ஒருங்கிணைப்பாளர் சகோபா கெய்ட்டாவும் சேர்ந்து இதைச் செய்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பக்கத்திலேயே முன்களப் பணியாளர்களுக்கு ஊசி போட்டது. களத்தில் நடந்த ஆட்களில் பெரும்பாலானோர் கினிக்காரர்கள். சூசு, புலார், மலிங்கே பேசத் தெரிந்தவர்கள்.

ஒப்பிட ஒரு தரப்பு வேண்டுமே? அதற்குச் செய்த ஏற்பாடு இது. எந்த வளையத்துக்கும் ஊசி மறுக்கப்படாது. குலுக்கலில் சில வளையங்களுக்கு உடனே போடுவார்கள், மற்றவற்றுக்கு 21 நாள் கழித்து. எபோலா தொற்றினால் வெளியே தெரிய அதிகபட்சம் 21 நாள் ஆகும், அதனால் அந்த எண்.

21 நாள் காத்திரு என்பதும் கொடுமைதானே? கொடுமைதான். அப்போது கொடுத்த நியாயங்கள் இரண்டு. ஊசி காக்குமா, கெடுதல் செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. அப்புறம், இருந்த குழுக்களால் எல்லா வளையத்துக்கும் ஒரே நாளில் போகவும் முடியாது. முதல் நியாயத்தை நான் முழுதாக ஏற்கிறேன். இரண்டாவது, நிர்வாகச் சிக்கலுக்கு அறத்தின் சட்டையை மாட்டியது போலத் தோன்றுகிறது. ஆனால் உப்புநீரைவிட இது ஊராரிடம் நேராகச் சொல்லக்கூடிய ஏற்பாடு. ‘உங்களுக்கும் உண்டு, இன்ன தேதிக்கு வருவோம்’ என்று சொல்லிவிட்டு, சொன்ன தேதிக்கு வந்து நிற்கலாம்.

பட்டியல் மூடும் நேரம்

வேலையின் நுணுக்கம் ஒரே ஒரு வரிசையில் இருந்தது. முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி. பிறகு பெயர் சேகரிப்பு. பட்டியல் முழுதாகி மூடப்பட்ட பிறகுதான் குலுக்கல். இந்த வரிசையை மாற்றினால் ஆய்வு கெட்டுவிடும். உடனே ஊசி என்று முதலிலேயே தெரிந்தால் தூரத்துச் சொந்தமெல்லாம் பட்டியலில் ஏறுவார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் என்று தெரிந்தால் பாதிப் பேர் பெயரே கொடுக்கமாட்டார்கள். இரண்டு தரப்பும் ஒன்றுபோல் இல்லாமல் போகும்.

அடுத்தது ஒப்புதல். இன்ன ஊசி, இன்னும் நிரூபிக்கப்படவில்லை, காய்ச்சல் வரலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். இதை அவரவர் மொழியில் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடன் இருக்க வேண்டும். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். 3, 14, 21, 42, 63, 84-ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து விசாரிப்பார்கள். ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி, அசதி, உடம்பு வலி இருந்தது. இங்கே ஒரு சங்கடம் உண்டு. எபோலாவும் இதே தலைவலியோடும் காய்ச்சலோடும்தான் தொடங்கும். ஊசியால் வந்த காய்ச்சலா, ஊசிக்கு முன்பே தொற்றிய நோயா? எபோலா பரவும் ஊரில் காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்னாலே வண்டி வரும். ஆனாலும் சொன்னார்கள். அதனால்தான் அந்த எண்ணிக்கையே நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது. ஏற்கெனவே தொற்றியவர்களுக்கு அது உதவவும் நேரமில்லை. அதனால்தான் கணக்கைப் பத்தாம் நாளிலிருந்து தொடங்கினார்கள். நோயாளியைத் தொட்டவர்களைச் சுற்றியிருந்தவர்கள் என்ற வெளிவட்டம் எதற்கு என்பதும் இதிலேயே விளங்கும். நோயாளியைத் தொட்டவர்களுக்கு ஊசி பிந்திவிட்டிருக்கலாம். அவர்களைத் தொடப் போகிறவர்களுக்கு இன்னும் பிந்தவில்லை. அந்த இரண்டாம் சுற்றுப் பெயர்களைக் கேட்டு வாங்கியதில்தான் முழு ஆய்வும் நின்றது.

எண்கள்

2015 ஜூலை 26-ஆம் தேதி, கண்காணிப்புக் குழு இடைக்கால முடிவைப் பார்த்துவிட்டு, இனிக் குலுக்கல் வேண்டாம், எல்லா வளையத்துக்கும் உடனே போடுங்கள் என்றது. அதன்பின் ஆறு வயது முதல் உள்ள பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அதுவரை 18 வயதுக்குக் கீழே இருந்தவர்களும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் வெளியே நின்றார்கள்.

முடிவில் 117 வளையங்கள், பட்டியலில் 11,841 பேர். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 5,837. அவர்களில் பத்தாம் நாளுக்குப் பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. ஊசி போடாதவர்களில் 23 பேருக்கு வந்தது. ஊசியால் வந்தது என்று தீர்மானித்த கடுமையான பக்கவிளைவு இரண்டு, ஒருவேளை இருக்கலாம் என்றது இன்னொன்று. மூவரும் குணமானார்கள்.

பலர் கவனிக்காத எண் ஒன்றும் இதில் இருக்கிறது. உடனடி வளையங்களில் பட்டியலில் இருந்தவர்கள் 4,539 பேர். உடனே ஊசி பெற்றவர்கள் 2,119 பேர்தான், பாதிகூட இல்லை. தகுதி இல்லாதவர், ஊரில் இல்லாதவர், வேண்டாம் என்றவர் எல்லாரும் போக மிஞ்சியவர்கள் அவ்வளவே. ‘ஊரே ஒத்துழைத்தது’ என்ற செய்திக்கும் இந்த எண்ணுக்கும் இடையில்தான் உண்மை இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தது என்பதை நான் ஆய்வின் பலவீனமாகப் பார்க்கவில்லை.

‘நூறு சதவீதம்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆய்வுக் கட்டுரையிலேயே அதன் நம்பக எல்லை, அதாவது உண்மையான பலன் இருக்கக்கூடிய வீச்சு, 69 முதல் 100 வரை என்றுதான் இருக்கிறது. ஒப்பீட்டுத் தரப்பில், அதாவது 21 நாள் காத்திருந்த வளையங்களில், வந்த நோயாளிகள் 16 பேர், அதுவும் ஏழு வளையங்களில். யாருக்கு எப்போது ஊசி என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 2017-இல் அமெரிக்காவின் தேசிய அகாதமிகளின் குழு, தடுப்பூசி ஓரளவு காக்கும் என்பதே சாத்தியம், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியது. கொஞ்சம் கஞ்சத்தனமான தீர்ப்பு, ஆனால் தவறு இல்லை. 2018 முதல் 2020 வரை காங்கோவின் கிழக்கே நடந்த பெரிய பரவலில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இதே ஊசியைப் போட்டார்கள். அங்கிருந்த தரவை வைத்து 2024-இல் வந்த ஆய்வு 84 சதவீதம் என்கிறது. எனக்கு அந்த எண்தான் நம்பும்படி இருக்கிறது. உண்மையான ஊரில் உண்மையான ஆட்களுக்குப் போட்டால் அப்படித்தான் வரும்.

2019 நவம்பரில் ஐரோப்பாவும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. இன்று அது எர்வெபோ என்ற பெயரில் இருக்கிறது.

மறுபடியும் காட்டுக் கினி

2016 மார்ச்சில், எல்லாம் முடிந்தது என்று அறிவித்த பிறகு, என்செரெகோரே பகுதியில் கொரோபாரா என்ற ஊரில் மீண்டும் சாவுகள். வோமே இருக்கும் அதே பக்கம். வளையக் குழு கிளம்பிப் போனது. ஒரு மாதச் சொச்சத்தில் 1,510 பேருக்கு ஊசி போட்டார்கள், அதில் 303 பேர் 6 முதல் 17 வயதுப் பிள்ளைகள். கினியிலும் லைபீரியாவிலுமாக 13 நோயாளிகளோடு அது நின்றது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, நோயிலிருந்து மீண்ட ஒருவரின் விந்தில் ஏறத்தாழ 500 நாளுக்குப் பிறகும் வைரஸ் இருந்தது தெரியவந்தது.

ஐந்து ஆண்டு கழித்து, 2021 ஜனவரி இறுதியில், அதே பகுதியில் கூக்கே என்ற ஊரில் ஒரு செவிலியர் இறந்தார். பிப்ரவரி 1-ஆம் தேதி அடக்கம். அடக்கத்துக்குப் போனவர்களுக்கு நோய் வந்தது. இந்த முறை மாதிரி லியோனுக்குப் போய்த்தான் பெயர் கிடைக்க வேண்டும் என்ற நிலை இல்லை. கினி ஆய்வகங்களே எபோலா என்று சொல்லின. பிப்ரவரி 14 அன்று அறிவிப்பு, 23 அன்று ஊசி தொடங்கியது. 2014-இல் மூன்று மாதம் எடுத்த வேலை இரண்டு வாரத்தில் நடந்தது. ஜூன் 19 அன்று பரவல் முடிந்தது என்றபோது கணக்கு 23 நோயாளிகள், 12 சாவு.

மரபணு வரிசையைப் படித்ததில்தான் அதிர்ச்சி. கோனாக்ரியில் உள்ள தொற்றுநோய் ஆய்வு மையத்தின் அல்ஃபா கெய்ட்டா முதல் ஆசிரியராக இருந்த கட்டுரை அந்த ஆண்டே வந்தது. 2021-இன் வைரஸ் வௌவாலிடமிருந்து புதிதாக வந்தது அல்ல. 2014-இன் வைரஸ்தான். ஐந்து ஆண்டு ஆளுக்கு ஆள் பரவியிருந்தால் சேர்ந்திருக்க வேண்டிய மாற்றங்களில் மிகச் சிலவே இருந்தன. அப்படியென்றால் அது மீண்டவர் ஒருவரின் உடலில் அத்தனை காலம் உறங்கியிருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவிலிருந்து மீண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கினியில் மட்டும் எண்ணூறு பேரை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். கண் வலி, மூட்டு வலி, மறதி என்று வருகிறவர்களுக்கு மருத்துவம் பார்த்தபடியே. அவர்கள் பெயர்களும் ஒரு பட்டியலில்தான் இருக்கின்றன. 2014-இல் வீட்டுக்குள் விடாமல் ஊரார் ஒதுக்கியது அவர்களைத்தான். இப்போது ‘நோய் உங்கள் உடம்பிலிருந்துதான் மீண்டும் வரலாம்’ என்ற செய்தியை வானொலியில் கேட்கப் போவதும் அவர்கள்தான். கண்டுபிடிப்பை வெளியிடும்போதே மீண்டவர்கள் மீது களங்கம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். அடுத்த முறை குழு காகிதத்தோடு போய் நிற்கும்போது, முதலில் தட்ட வேண்டிய கதவுகளில் அவர்கள் வீட்டுக் கதவும் இருக்கும்.